கயிறு தளரும் நொடியில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது

வட்டமான வேலிக்குள் ஒருவர் நிற்கிறார். வேலியோரம் ஓடிக்கொண்டிருந்த குதிரை மெல்ல வேகத்தைக் குறைக்கிறது, அவர் பக்கம் திரும்புகிறது, தலையைத் தாழ்த்திக்கொண்டு அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே நடக்கிறது. இந்த மாதிரி வீடியோ ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது.

குதிரையேற்றம் கற்பவர்கள் நடுவே இப்போது ‘நேச்சுரல் ஹார்ஸ்மன்ஷிப்’ என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. குதிரையின் இயல்பைப் புரிந்துகொண்டு அதன் வழியிலேயே பழக்குவது என்று பொருள். ஆனால் பேசும்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அது குதிரைகளின் ரகசிய மொழி என்கிறார் ஒருவர். அழுத்தமே இல்லாமல் வெறும் அன்பால் பழக்குவது என்கிறார் இன்னொருவர். நம்மை மந்தையின் தலைவனாக ஏற்கவைக்கும் வித்தை என்றும் சிலர் சொல்கிறார்கள். மூன்றுமே சரியில்லை. முறை நல்ல முறைதான். ஆனால் அது எதனால் வேலை செய்கிறது என்று தெரியாமல் கையில் எடுத்தால் அவதிப்படுவது குதிரை. அதனால் அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

## பெயர் எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பெரிய மாட்டுப் பண்ணைகள் உண்டு. மந்தையை மேய்க்கக் குதிரை வேண்டும், அதுவும் சீக்கிரமாக வேண்டும். இளங்குதிரையைக் கட்டிப் போட்டு, சேணத்தை ஏற்றி, மேலே ஆள் உட்கார்ந்து, அது துள்ளித் துள்ளி ஓய்ந்துபோகும்வரை விடாமல் இருப்பார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயரே குதிரையை ‘உடைப்பது’. உடைந்த குதிரை சொன்னதைச் செய்யும். ஆனால் மனிதனைக் கண்டால் உள்ளுக்குள் நடுங்கும்.

இந்த வழி தேவையில்லை என்று செய்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் டாம் டோரன்ஸ் (1910–2003), அவருடைய அண்ணன் பில் டோரன்ஸ், டாமிடம் கற்ற ரே ஹண்ட். மூவரும் பண்ணை வேலையிலேயே வளர்ந்தவர்கள். 1980-களில் பாட் பரேலி என்ற பயிற்சியாளர் ‘நேச்சுரல் ஹார்ஸ்மன்ஷிப்’ என்ற பெயரைப் பரப்பினார். 1989-இல் மான்டி ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கரை விண்ட்சர் கோட்டைக்கு வரவழைத்து எலிசபெத் ராணி அவருடைய முறையைப் பார்த்தார். அதன் பிறகு இந்த வட்டவேலிக் காட்சி உலகம் முழுக்கப் பிரபலமானது.

குதிரையிடம் மென்மையாக இருக்கச் சொன்னது இவர்கள் கண்டுபிடித்த சங்கதி இல்லை. கோபத்தோடு குதிரைப் பக்கம் போகாதே என்று கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். டோரன்ஸ் சகோதரர்களுக்கு நான் கொடுக்கும் மரியாதை வேறு காரணத்துக்காக. குதிரை தரும் மிகச் சின்னப் பதிலையும் கவனி, அதற்கு உடனே மதிப்புக் கொடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

## இரையாகப் பிறந்த விலங்கு

நாய் வளர்த்த அனுபவத்தோடு குதிரையிடம் வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். நாய் வேட்டையாடிய இனம். குதிரை வேட்டையாடப்பட்ட இனம். சிங்கம் வந்ததா காற்று அடித்ததா என்று நின்று யோசித்த குதிரைக்குக் குட்டி மிஞ்சியிருக்காது. இருட்டில் காலில் ஏதோ பட்டால் பாம்பா கயிறா என்று பார்க்காமல் நாம் துள்ளுகிறோம் இல்லையா, குதிரை பகல் முழுக்க அந்த நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் உடம்பே அதற்காக அமைந்தது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி சுற்றளவுக்குப் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், அவ்வளவுதான் தெரியாது. காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்க்கும். ஈயின் கனத்தை உணரும் தோலில்தான் நாம் குதிகாலால் உதைக்கிறோம்.

நம் உடம்பையும் அது இதே நுணுக்கத்தோடு படிக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பெரிய பேச்சு. கூட்டல் கேட்டால் விடைக்கு உரிய எண்ணிக்கையில் குளம்பைத் தட்டி நிறுத்தும். 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் தன்னை அறியாமல் தலையை இம்மியளவு அசைத்திருக்கிறார். குதிரை அதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறது. குதிரைக்குக் கணக்கு வராது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இம்மியளவு அசைவுதான் பெரிய விஷயம்.

இதுவரை பார்த்தது: குதிரை பயந்து தப்பிக்கவே பிறந்தது. அதோடு, நாம் அனுப்புவதாக நினைக்காத செய்திகளையும் அது படித்துக்கொண்டே இருக்கிறது.

## சீட் பெல்ட் சத்தம்

காரில் உட்கார்ந்து சீட் பெல்ட் போடாமல் கிளப்பினால் டிங், டிங் என்று சத்தம் வரும். போகப் போக எரிச்சலாகும். பெல்ட்டைப் போட்ட மறுநொடி நின்றுவிடும். நாலு நாள் போனால் சத்தம் வரும் முன்பே கை பெல்ட்டுக்குப் போகிறது. உங்களைப் பழக்கியது எது? சத்தம் வந்தது மட்டும் இல்லை, அது நின்றதும்தான். பெல்ட் போட்ட பிறகும் சத்தம் ஓயாமல் இருந்திருந்தால் நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருப்பீர்கள்.

நேச்சுரல் ஹார்ஸ்மன்ஷிப்பின் எந்திரம் இதுதான். இரண்டு சொற்கள் போதும். குதிரைக்குச் சிறு தொந்தரவாக இருக்கும் எதுவும் அழுத்தம்: கயிற்றின் இழுப்பு, விலாவில் ஒரு விரல், நேராக உற்றுப் பார்க்கும் பார்வை, பக்கத்தில் எடுத்துவைக்கும் ஓர் அடி. குதிரை நாம் கேட்டதைச் செய்த நொடியில் அதை எடுத்துவிடுவது விடுப்பு. அழுத்தம் கேள்வி கேட்கிறது, விடுப்பு ‘ஆமாம், இதைத்தான் கேட்டேன்’ என்று சொல்கிறது.

உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இங்கே எதிர்மறை என்றால் கழித்தல். பிடிக்காத ஒன்றைக் கழித்துவிடுவதால் ஒரு செயல் வலுப்படுகிறது. தண்டனை வேறு. அது நடந்துபோன செயலைக் குறைக்க, செயலுக்குப் பிறகு வருவது. குதிரை மிரண்டு ஓடி, பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திய பிறகு அடித்தால், அடி எதற்கென்று அதற்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை, பிடிபட்டு அமைதியாக நின்றதற்குக் கிடைத்த அடி அது.

## நான் வாங்கிக்கொள்ளாத பதில்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் செவலைப் பெண்குதிரை ஒன்றிடம் இதைப் பழகினேன். ஹால்டர் மாட்டியிருந்தது. வாயில் இரும்பு இல்லாமல் முகத்தைச் சுற்றிப் போடும் கயிற்றுக்குத்தான் ஹால்டர் என்று பெயர். வேலை மிகச் சின்னது, குதிரை ஓர் அடி பின்னால் போக வேண்டும். தாடைக்குக் கீழே கயிற்றைப் பிடித்து, அதன் நெஞ்சை நோக்கி மெதுவாக அழுத்தினேன். நின்றது. இன்னும் அழுத்தினேன். தலையைத் தூக்கியது. இன்னும் கொஞ்சம். கால் மணி நேரம் போனது, இருவருக்கும் எரிச்சல்.

திண்டில் உட்கார்ந்திருந்த வயதான குதிரைக்காரர் எழுந்து வந்தார். “தம்பி, அது எப்பவோ குடுத்திருச்சு. நீங்கதான் வாங்கிக்கல” என்றார்.

கயிற்றை அவர் வாங்கினார். இரண்டு விரல்தான். அவர் குதிரையின் முகத்தைப் பார்க்கவில்லை, முன்னங்கால்களுக்கு மேலே தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தோள் துளி பின்னால் சாய்ந்தது. குளம்பு தரையை விட்டு எழவே இல்லை, உடம்பின் பாரம் மட்டும் பின்னங்காலுக்குப் போனது. அவர் விரல்கள் அந்த நொடியே திறந்துவிட்டன. கயிறு தொங்கியது. குதிரை மூச்சு விட்டது. மறுபடி இரண்டு விரல். இந்தத் தடவை பாரம் போனது, ஒரு குளம்பும் எழுந்தது. விரல் திறந்தது. ஐந்தாவது தடவையில் அவர் கையைக் கயிற்றுப் பக்கம் கொண்டுபோனதுமே செவலை இரண்டடி பின்னால் போய் நின்றது.

கால் மணி நேரமும் அது எனக்குப் பாரத்தை மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறது. நான் அது ஓரடி எடுத்துவைப்பதை எதிர்பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சரியான பதிலுக்கு மேல் அழுத்தியிருக்கிறேன். சத்தம் நிற்காத சீட் பெல்ட்.

விடுப்பு தவறான நொடியில் விழுந்தால் தவறான பாடமும் அதே உறுதியோடு பதியும். குளம்பைச் சுத்தம் செய்யக் காலைத் தூக்குகிறீர்கள், குதிரை வெடுக்கென்று உதறுகிறது, பயந்து விட்டுவிடுகிறீர்கள். ‘உதறினால் விடுதலை’ என்று அது கற்றுக்கொண்டது. யாரும் சொல்லித்தர நினைக்கவில்லை, ஆனாலும் பாடம் நடந்துவிட்டது. எங்கள் பக்கம் ‘முரட்டுக் குதிரை’ என்று பேர் வாங்கியவை பலவும் இப்படி உருவானவைதான் என்று நினைக்கிறேன்.

எடுக்கவே முடியாத அழுத்தம் எதையும் கற்றுத்தராது என்பதும் இதிலிருந்தே வருகிறது. முள் கடிவாளம் கயிறு தளர்ந்த பிறகும் குத்தும், வாய் புண்ணாகும், குதிரைக்கு விடுப்பு என்று ஒன்று கிடைப்பதே இல்லை. வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளிலேயே இந்தியாவில் இதற்குத் தடை இருக்கிறது. ஆனாலும் திருமண ஊர்வலக் குதிரைகளின் வாயில் இன்றும் இது கிடக்கிறது. எங்கே பார்த்தாலும் தயவுசெய்து கேள்வி கேளுங்கள்.

சுருக்கமாக: மிக லேசாகத் தொடங்கு, பதில் வரும்வரை சீராக இரு, வந்த நொடியில் விடு. குதிரை முதல் லேசான சைகைக்கே பதில் சொல்லப் பழகிவிடும், அப்புறம் அழுத்தம் வெறும் சைகையாகிவிடும்.

## வட்டவேலிக்குள் உண்மையில் நடப்பது

இப்போது அந்த வீடியோவுக்குத் திரும்புவோம். வேலி சுமார் 18 மீட்டர் அகலமுள்ள வட்டம், ஒதுங்க மூலை கிடையாது. நடுவில் நிற்பவர் கயிற்றை வீசியோ நிமிர்ந்து உற்றுப் பார்த்தோ குதிரையை ஓடவைக்கிறார். இது அழுத்தம். குதிரை ஒரு காதையோ முகத்தையோ அவர் பக்கம் திருப்பியதும் பார்வையைத் தாழ்த்துகிறார், தோளைத் திருப்பிக்கொள்கிறார். இது விடுப்பு. அவர் பக்கம் போனால் நிம்மதி, விலகினால் ஓட்டம் என்று குதிரை சீக்கிரம் கணக்குப் போட்டுவிடுகிறது. அதனால் பின்னாலேயே வருகிறது.

மனிதன் தாய்க்குதிரையைப் போல நடந்துகொள்கிறான், குதிரை மொழி பேசுகிறான், அதனால்தான் இது நடக்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. 2012-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க அழகான வழி கண்டுபிடித்தார்கள். வட்டவேலிக்குள் மனிதனுக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை விட்டார்கள். குதிரை திரும்பிப் பார்த்தால் கார் விலகும், இல்லையென்றால் நெருங்கும். குதிரைகள் காரைப் பார்த்துத் திரும்பக் கற்றுக்கொண்டன, சில தடவை அதைத் தொடவும் செய்தன. காருக்குக் காது இல்லை, வால் இல்லை, குதிரை மொழி தெரியாது. அதற்குத் தெரிந்தது சரியான நொடியில் விலகுவது மட்டும்.

இது ஏமாற்றமான செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. மந்திரம் என்றால் வரம் பெற்ற ஒருவருக்குத்தான் வரும். நேரம் பார்த்து விடுவது என்றால் யார் வேண்டுமானாலும் பழகலாம். இன்னொன்றும் தெளிவாகிறது. பின்னால் வருவதாலேயே குதிரை நம்மேல் பாசமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. களைத்த குதிரையும் பின்னால் வரும். வட்டவேலிக்குள் வாயை மென்று நாக்கைச் சப்பினால் ‘பணிந்துவிட்டது’ என்பார்கள். உள்ளே இருந்த பதற்றம் இறங்கும்போதுதான் பெரும்பாலும் குதிரை அப்படிச் செய்யும். அதைப் பார்த்தால், அந்தப் பதற்றத்தை நான் எவ்வளவு ஏற்றினேன் என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

## பயம் போவதும் அடங்கிப்போவதும்

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் முதல் வாரம் தூக்கம் வராது. இரண்டு மாதத்தில் ரயில் போனதே தெரியாது. தீங்கில்லாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் மனம் அதைப் பொருட்படுத்தாமல் விடுவதற்குப் பெயர் பழகிப்போதல். குடை, பிளாஸ்டிக் பை, பைக் சத்தம் எல்லாவற்றுக்கும் குதிரையை இப்படித் தயார் செய்யலாம்.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இரண்டு வழி தெரியும். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, படியில் உட்காரவைத்து, மெல்ல இறக்குவது ஒன்று. தூக்கிப் போடுவது இன்னொன்று. குதிரைக்கும் அப்படித்தான். குடையைப் பத்து அடி தள்ளி மடக்கிய நிலையில் காட்டுவது, அது தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டதும் குடையோடு விலகிப் போவது, அடுத்த தடவை ஒன்பது அடி. இது முதல் வழி. தப்பிக்க முடியாதபடி கட்டிவைத்து, துள்ளல் ஓயும்வரை உடம்பெல்லாம் பையைத் தேய்ப்பது இரண்டாவது. இதற்குப் பயத்தில் மூழ்கடித்தல் என்று பெயர். நேச்சுரல் என்ற பலகையை மாட்டிக்கொண்டே இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மூழ்கடித்த குதிரையும் கடைசியில் அசையாமல் நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் அமைதி போலவே இருக்கும். என்ன செய்தாலும் பயனில்லை என்று கைவிட்ட நிலை அது. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று இதைச் சொல்வார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நிம்மதியான குதிரைக்குக் கண் மென்மையாக இமைக்கும், கீழுதடு தொங்கும், காது சத்தம் வந்த பக்கம் சோம்பலாகத் திரும்பும். முயற்சியைக் கைவிட்ட குதிரையின் உதடு இறுகியிருக்கும், காது எதற்கும் திரும்பாது, கண் திறந்திருந்தும் எங்கேயும் பார்க்காது.

## அப்போ பாசம்?

இருக்கிறது. ஆனால் அது பயிற்சி நேரத்தைவிட லாயத்தில்தான் அதிகம் வளர்கிறது.

குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடும். பெரும்பாலும் பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் அந்த மேட்டில். பிரான்சில் கமார்க் பகுதிக் குதிரைகளிடம் செய்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. மனிதன் அதே இடத்தில் சொறிந்துவிட்டபோதும் இதயத் துடிப்பு குறைந்ததாம். வேறு இடத்தில் சொறிந்தபோது அப்படி இல்லை. நாம் பாசத்தோடு செய்வதோ நெற்றியில் படபடவென்று தட்டுவது. அது குதிரைக்குத் தெரியாத இடம், தெரியாத பழக்கம். தட்டுவதை விட்டுவிட்டு அந்த மேட்டில் விரல் நுனியால் அழுத்திச் சொறியுங்கள். சரியான இடம் பட்டால் மேலுதடு நீண்டு கோணிக்கொள்ளும்.

செவலைக்குப் பயிற்சி முடிந்ததும் ஒரு பிடி ஊறவைத்த கொள்ளு கொடுப்பேன். பிடித்த ஒன்றைக் கூட்டிக் கொடுத்து ஒரு செயலை வலுப்படுத்துவது நேர்மறை வலுவூட்டல். இது நன்றாகவே வேலை செய்யும், விடுப்போடு சேர்த்தும் பயன்படுத்தலாம். ஆனால் கையை முட்டும்போது கொடுத்தால் முட்டுவதற்கான கூலியாகிவிடும். முகத்தை நேரே வைத்துக்கொண்டு நிற்கும்போது மட்டும், முடிந்தால் பாத்திரத்தில் கொடுங்கள்.

நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் தனியாகக் கட்டிக் கிடக்கும் குதிரையிடம் எந்த முறையும் பலிக்காது என்பது என் உறுதியான கருத்து. மேயவிட்டால் ஒரு நாளில் பாதிக்கும் மேல் மேயும் விலங்கு அது. அதன் வயிறு எந்நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், வெறும் வயிற்றோடு நின்றால் புண்ணாகும். புல், இன்னொரு குதிரையின் துணை, காலாற நடக்க இடம் இந்த மூன்றும் முதலில். நன்றாக இருந்த குதிரை திடீரென்று சேணம் போட்டால் கடிக்கிறது, ஏறினால் துள்ளுகிறது என்றால் பயிற்சியாளரைக் கூப்பிடும் முன்னால் மருத்துவரைக் கூப்பிட்டு முதுகு, பல், குளம்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

## முதல் வாரம்

பழக்கமானவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்க வேண்டாம். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்குங்கள். நேர் பின்னால் போகாதீர்கள். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். அரை டன் எடையுள்ள உயிர் மிரண்டால் விரல்கள் கயிற்றோடு போய்விடும்.

முதல் இரண்டு நாள் ஒன்றுமே கேட்காமல் அது மேயும் இடத்தில் போய் நில்லுங்கள். அப்புறம் ஹால்டரும் கயிறும் வைத்து நாலு வேலைகள்: ஓரடி முன்னால், ஓரடி பின்னால், தலையைத் தாழ்த்துவது, பின்பக்கத்தை ஓரடி விலக்குவது. பத்து நிமிஷம் போதும். ஒரு வேலை நன்றாக வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டு ஹால்டரைக் கழற்றுங்கள். அன்றைக்கு அதுவே பெரிய விடுப்பு.

மழை நாளொன்றில் தோப்புக்குப் போனபோது செவலை கொட்டகையின் அந்தக் கோடியில் நின்றிருந்தது. ஹால்டர் என் தோளில் தொங்கியது. முன்பெல்லாம் அதைக் கண்டால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். அன்றைக்கு ஒரு காதைத் திருப்பியது, அப்புறம் முகத்தை. நான் நின்ற இடத்திலேயே நின்று, பார்வையைத் தாழ்த்தி ஓரடி பின்னால் போனேன். சேற்றில் சளக் சளக் என்று அது நடந்து வந்து, பிடரி மேட்டை என் பக்கம் காட்டி நின்றது.